பேர் போடாத வரைபடம்

அந்த வரைபடத்தில் ஒரு பெயர்கூடக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போது பார்க்கிற ஆளிடமெல்லாம் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததும் இதைத்தான்.

அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்து, போர்டில் பெயின்ட் காய்வதற்குள் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்திருந்த சமயம். எனக்கு இருபத்தாறு வயது. பெரம்பலூரில் ஒரு சிமென்ட் கடைக்கு மேலே இரண்டு அறை, அதுதான் எங்கள் தொண்டு நிறுவனத்தின் ஆபீஸ். கீழே மூட்டை இறக்கினால் மேலே எங்கள் டீயில் தூசு விழும். மொத்தமே மூன்று பேர். நடத்துகிறவர் ஒருவர், அவரை சார் என்போம். அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற அண்ணன் ஒருவர். கடைகளுக்கு போர்டு எழுதிக்கொண்டிருந்தவர், எங்களிடம் வந்து வரைபடம் வரைந்துகொண்டிருந்தார். மூன்றாவது ஆள் நான். ஊர் ஊராகப் போய், மூன்று வாரத்துக்கு மேல் இருமுகிறவர்களைக் கண்டுபிடித்து, சளி டப்பாவைக் கையில் கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். காசநோய் என்று தெரிந்தால் ஆறு மாதமும் மாத்திரையை விடாமல் முழுங்க வைக்க வேண்டும். அதுதான் என் வேலை.

அந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்? கையில் செல்போன் கிடையாது. ஆபீஸில் ஒரு போன், அதற்கும் பூட்டு. காலையில் கிளம்பிப் போனால் நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று எங்கள் அம்மாவுக்கே தெரியாது. அரியலூரில் இறங்கி, ஜெயங்கொண்டம் பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டைப் பிடித்து, கண்டக்டரிடம் வம்பளந்துகொண்டே போவேன். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று முன்னால் போனால் போதும், ஊர் போய்ச் சேரும்போது புருவமெல்லாம் வெள்ளை. "என்னம்மா, அதுக்குள்ள நரைச்சிருச்சு?" என்பார்கள். "ஆமா, உங்க ஊருக்கு அலைஞ்சு அலைஞ்சுதான்" என்பேன். வாய் எனக்கு அப்போதே கொஞ்சம் நீளம்.

ஊர் வரைபடம் போடுகிற நாள் வந்தால் ஒரே கொண்டாட்டம். ஊர்ப் பெண்களைக் கோயில் முன்னால் உட்கார வைத்து, கையில் கோலமாவைக் கொடுத்து, "உங்க ஊர நீங்களே போடுங்க" என்போம். முதலில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்து வெட்கப்படுவார்கள். யாராவது துணிந்து மெயின் ரோட்டை ஒரு கோடாக இழுத்துவிட்டால் தீர்ந்தது. "ஏய், உன் வூடு அம்மாம் பெருசாடி?" "எங்க வூட்டு முன்னால முருங்க மரம் இருக்குல்ல, அத எங்க காணும்?" என்று சண்டை ஆரம்பித்துவிடும். ஒரு மணி நேரத்தில் அடிபம்பு, தண்ணி டேங்க், ரேஷன் கடை, முந்திரித் தோப்புக்குப் போகிற வண்டிப்பாதை வரைக்கும் தரையில் வந்துவிடும். அண்ணன் குந்தி உட்கார்ந்து அதை அப்படியே சார்ட் பேப்பரில் ஏற்றுவார். ஓட்டு வீடு ஒரு மாதிரி, கூரை வீடு ஒரு மாதிரி, மாடி வீடு ஒரு மாதிரி. போர்டு எழுதின கையல்லவா, அவர் போடுகிற முருங்கை மரத்தில் காய்கூடத் தொங்கும்.

யார் பெயரும் எழுதக் கூடாது என்பது சாரின் கண்டிப்பான உத்தரவு. சரி, அப்படியானால் நோய் இருக்கிற வீட்டை எப்படிக் காட்டுவது? யோசனை சொன்னது நான்தான். ஸ்டிக்கர் பொட்டு! அரியலூரில் ஒரு வளையல் கடையில் அட்டை அட்டையாக வாங்கி வந்தேன். மருந்து சாப்பிடுகிற வீட்டுக்குச் சிவப்பு, சாப்பிட்டு முடித்துக் குணமான வீட்டுக்குப் பச்சை. "பிரமாதம்மா" என்றார் சார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஜெயங்கொண்டம் போகிற வழியில் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ஒரு ஊர். அங்கே அடிபம்புக்கு எதிர் வீட்டில் ஒரு பெண் இருந்தாள். வயது இருபத்திரண்டு. அப்பா இல்லை. அந்த வீட்டில் அம்மாவும் அவளும் மட்டும். இருமலைத் தூசு என்று நினைத்துக் கஷாயமாகக் குடித்துக்கொண்டிருந்தவளை நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். காசநோய் என்று வந்தது. அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். ஆலத்தியூர் பக்கத்து மாப்பிள்ளை, வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது, தை மாதம் முகூர்த்தம். அவள் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வெளிய தெரிஞ்சா எம்பொண்ணு வாழ்க்கையே போயிடும்மா."

"சத்தியமா யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்மா. தைக்குள்ள மருந்தே முடிஞ்சுடும். அப்பறம் என்ன?" என்றேன்.

ஊரில் ஒரு தையல்காரம்மா இருந்தார், நல்ல மனுஷி. மாத்திரைப் பெட்டியை அவரிடம் வைத்தேன். தையல் பழகப் போகிறாள் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, முதல் இரண்டு மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் போய் அந்தம்மா கண்ணெதிரில் மாத்திரை போட்டுக்கொள்வாள். அதற்கப்புறம் வாரம் ஒருமுறை போனால் போதும். ஒரு வேளையை அங்கே முழுங்கிவிட்டு, மற்றதை வீட்டில் சாப்பிட்டு, காலி அட்டையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, தையலும் கற்றுக்கொண்டாள். எனக்கு ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. "போட்டுக்கிட்டா தெரியாதுக்கா" என்று சிரித்தாள். நான் அதைப் போட்டுக்கொண்டுதான் திரிந்தேன். இருமல் நின்று, கன்னத்தில் சதை வைத்து, நாலு மாதத்தில் ஆளே மாறிப்போயிருந்தாள்.

காந்தி ஜெயந்திக்குக் கிராமசபைக் கூட்டம். சார் சொன்னார்: "மக்கள் குடுத்த வெவரம் மக்களுக்குத்தான் போவணும். பீரோல வெச்சுப் பூட்டவா இவ்வளவு பாடு?" அது நியாயமான பேச்சுதான், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். முதல் நாள் ஆபீஸில் உட்கார்ந்து அந்த ஊர் வரைபடத்தில் நானே பொட்டு ஒட்டினேன். நோட்டைப் பார்த்து, வீட்டைப் பார்த்து, ஒன்றுகூடத் தப்பாமல் ஒட்டினேன். அடிபம்புக்கு எதிர் வீட்டிலும் ஒரு சிவப்பு. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி என் கை தயங்கியிருக்கக் கூடாதா? தயங்கவில்லையே! பெயர்தான் இல்லையே என்ற நினைப்பு. பாவி நான்.

பஞ்சாயத்து ஆபீஸ் வெளிச்சுவரில் அண்ணன் அதை ஆணியடித்து மாட்டினார். கூட்டம் கூடியது. எல்லாரும் முதலில் தேடியது அவரவர் வீட்டைத்தான். "இந்தா, இதான் எங்க வூடு! மாட்டுக் கொட்டாயக்கூட போட்டிருக்காங்க பாரு!" என்று ஒரே சிரிப்பு. நான் பூரித்துப்போய் நின்றேன். அப்போது ஒரு அம்மா கேட்டார்: "ஏம்மா, செவப்புப் பொட்டு வெச்ச வூட்டுக்கெல்லாம் கவர்மென்ட்ல ஏதும் குடுக்கப் போறாங்களா? அடிபம்புக்கு எதுத்தாப்ல வெச்சிருக்கு. எங்களுக்கு ஏன் வெக்கல?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை, அண்ணன் கீழ் மூலையில் அழகழகாக எழுதியிருந்ததை உரக்கப் படித்துவிட்டது: "சிவப்பு, காசநோய்க்கு மருந்து சாப்பிடுபவர் உள்ள வீடு."

அப்புறம் பின்னாலிருந்து ஒரு குரல். "அந்த வூட்ல ரெண்டே பேருதான. அம்மாவா, பொண்ணா?"

"அம்மா தோப்புல ஊரே கேக்கறாப்ல கத்திக்கிட்டுல்ல திரியுது. பொண்ணுதான் நடுவுல எளைச்சுக் கெடந்துச்சு."

"அடிப்பாவி, தையலு தையலுன்னு போனாளே!"

அவளும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். என்னையே பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தாவணி நுனியை வாயில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துபோய்விட்டாள்.

அதற்கப்புறம் நான் செய்தது இன்னும் மடத்தனம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அந்த ஒரு பொட்டை மட்டும் நகத்தால் பிய்த்தேன். பொட்டோடு பேப்பரும் கிழிந்து வந்தது. மற்ற பொட்டெல்லாம் சும்மா இருக்க, அடிபம்புக்கு எதிர் வீட்டில் மட்டும் வட்டமாக ஒரு ஓட்டை. அதுவரைக்கும் கவனிக்காதவர்களும் கவனித்தார்கள். அண்ணன் ஓடிவந்து வரைபடத்தையே கழற்றிச் சுருட்டினார். நான் அங்கேயே மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன்.

பத்து நாளுக்குள் மாப்பிள்ளையின் அக்கா வந்து, ஜாதகத்தை மறுபடி பார்த்ததில் பொருத்தம் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனாராம். எல்லாருக்கும் தெரியும் எந்த ஜாதகம் என்று. தையல்காரம்மா வீட்டுக்கு அவள் வரவே இல்லை. நான் அவள் வீட்டுக்குப் போனால் அம்மா கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றார். "மாத்திரையும் வேணாம், நீயும் வேணாம். இந்தப் பக்கமே வராத." கல்யாணம் போனது என்னால். இனி உயிரும் போனால்? பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பி வரும், திரும்பி வந்தால் பழைய மருந்துக்குக் கேட்காமலும் போகலாம். இந்த எண்ணம் என்னைத் தூங்கவிடவில்லை. மூன்றாவது தடவை போனபோது வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் அந்தம்மாவே அழுதுகொண்டு சொன்னார். மகள் கங்கைகொண்ட சோழபுரத்தில் அத்தை வீட்டில் இருக்கிறாள்.

அடுத்த பஸ்ஸிலேயே போனேன். என்னை வாசலில் கண்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "தெரிஞ்சவங்க அத்தே, இதோ வந்துடறேன்" என்று சொல்லி என்னைத் தள்ளாத குறையாக வெளியே அழைத்துப் போனாள். கோயில் புல்தரையில், வந்துபோகிற கூட்டத்துக்கு நடுவே நின்றதும் என்னைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"பேரு போடல, பேரு போடலன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்களேக்கா. எங்க ஊர்ல யாரு பேரு கேக்கறா? எந்த வூடுன்னுதான கேப்பாங்க. வூட்ட ஊருக்கே காட்டிட்டு, பேரச் சொல்லலங்கறீங்க!"

"தப்புதான்மா. என்னை அடிச்சுக்கூடப் போடு. மாத்திரைய மட்டும் நிறுத்தாத."

"இப்ப இங்க வந்து நிக்கறீங்களே, இதுவும் அதேதான். தோள்ல உங்க ஆபீஸு பேரு போட்ட பை, அதுல ஆஸ்பத்திரி சீட்டு. நாளைக்குப் பக்கத்து வூட்ல கேப்பாங்க, யாரு வந்ததுன்னு. எங்க அத்த வூட்டுக்கும் பொட்டு வெச்சாச்சு."

பையைத் தோளிலிருந்து இறக்கி, சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டேன். அதைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: "சாவறதுக்கு எனக்கு ஆசையில்லக்கா. சாப்புடறேன். ஆனா ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுல வந்து குடுங்க. அங்க யாருக்கும் வூடு கெடையாது. இந்தப் பைய எடுத்துக்கிட்டு வராதீங்க."

அப்படியே முடிவானது. புதன்கிழமை தோறும், பதினோரு மணிக்கு.

இதற்கிடையில் ஆபீஸில் எனக்கும் சாருக்கும் பெரிய சண்டை. பன்னிரண்டு ஊர் வரைபடங்களைப் புத்தகமாக அச்சடித்து எல்லாருக்கும் கொடுக்கப் போவதாக இருந்தார். "ஒரு எடத்துல நடந்தத வெச்சு எல்லாத்தையும் நிறுத்த முடியுமா? வெளியூர்க்காரனுக்கு இது வெறும் கட்டம்மா" என்றார். "வெளியூர்க்காரனா அங்க குடியிருக்கான்?" என்று கத்தினேன். கீழே சிமென்ட் கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கோபம் வந்தால் எனக்கு நிதானம் கிடையாது. பொட்டு ஒட்டாத நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு, "வாங்க சார், டீ வாங்கித் தரேன்" என்று அவரை இழுத்துக்கொண்டு அந்த ஊருக்கே போனேன். பஸ் நிற்கிற இடத்து டீக்கடையில் ஒரு மூலை மட்டும் தெரிகிற மாதிரி மடித்து நீட்டி, ஒரு கூரை வீட்டைத் தொட்டு, "அண்ணே, இது யாரு வூடுன்னு தெரியுதா?" என்றேன். டீ ஆற்றிக்கொண்டிருந்த கையைக் கடைக்காரர் நிறுத்தக்கூட இல்லை. வீட்டுக்காரர் பெயர், அவர் மாமனார் ஊர், மூத்த பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போனது, மருமகள் கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தது எல்லாம் ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் வந்துவிட்டது. சார் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வரும் வழியில், "வூட்ட எடுத்துட்டு தெருவாரியா எத்தன பேருன்னு மட்டும் போட்டா?" என்றார். ஆபீஸில் இதைக் கேட்ட அண்ணன் தலையைச் சொறிந்தார். "சில தெருவுல நாலு வூடுதான் சார் இருக்கு. ஒண்ணுன்னு போட்டா யாருன்னு எண்ணிப் பாத்து கண்டுபுடிச்சிடுவான்." கடைசியில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஐந்தாறைச் சேர்த்து ஒரே வட்டமாகப் போட்டு, உள்ளே ஒரு எண் மட்டும் எழுதுவது என்று தீர்மானித்தோம். எந்த வீடு என்கிற நோட்டு பீரோவுக்குள், சாவி என்னிடம். "இதப் பாத்தா என்னம்மா தெரியும்?" என்று சார் முனகினார். "எந்தப் பக்கம் மருந்து நெறைய வேணும்னு தெரியும். யாரு வூடுன்னு தெரியாது. அது போதும்" என்றேன். அண்ணனுக்குத்தான் மனசு ஆறவில்லை. முருங்கை மரம் போட இடமே இல்லையே என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் புதன்கிழமைகள் எனக்கு மறக்கவே மறக்காது. கும்பகோணம், விருத்தாசலம் என்று கண்டக்டர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார்கள். முந்திரிப் பருப்பு விற்கிறவர்கள் ஜன்னல் ஜன்னலாக ஓடுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களைப் போல பக்கத்தில் பக்கத்தில் நிற்போம். அவள் என் தண்ணீர் பாட்டிலை வாங்கி மாத்திரையை முழுங்குவாள், காலி அட்டையை என் கையில் திணிப்பாள். முதல் வாரம் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாவது வாரம், "சேலைய இப்படியா கட்டுவாங்க" என்றாள். மூன்றாவது வாரம் ஒரு பொட்டலம் வேர்க்கடலையைப் பாதிப் பாதியாகத் தின்றோம். கூட்டத்துக்குள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பஸ் ஸ்டாண்டு முழுக்க ஆட்கள், எங்களை ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். என்ன சுகமாக இருந்தது அது! அரியலூர் பஸ் ஏறும்போதெல்லாம் அடுத்த புதன் எப்போது வரும் என்று நினைத்துக்கொள்வேன்.

நடுவில் விட்டுப்போன வாரங்களையும் சேர்த்துச் சாப்பிட்டு முடிக்கும்போது மார்கழி பிறந்துவிட்டது. கடைசிச் சளிப் பரிசோதனை முடிவை ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொண்டு ஓடினேன். கிருமி இல்லை. அவள் அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தாள். அழுதது நான்தான், அவள் சிரித்தாள். "என்னக்கா நீங்க, எனக்கா சீக்கு, உங்களுக்கா?" என்று முதுகில் தட்டினாள்.

பிறகு அவளுடைய மருந்து அட்டையை எடுத்தேன். கடைசிக் கட்டத்தில், இனிமேல் இருக்கப் போகிற முகவரி எழுத வேண்டும். நோய் திரும்பியிருக்கிறதா என்று பிறகு போய்ப் பார்ப்பதற்காக.

"எனக்குக் கல்யாணம் முடிவாயிருக்குக்கா" என்றாள்.

"அடி சக்கை! யாரு? எந்த ஊரு?"

"அவருகிட்ட எல்லாத்தையும் நானே சொல்லிட்டேன். சீக்கு வந்தது, மாத்திரை சாப்டது, ஆலத்தியூர்க்காரங்க வேணாம்னு போனது, எல்லாம். கேட்டுட்டு சரின்னாரு. நான் மறைக்கணும்னு நெனைக்கலக்கா. யாருகிட்ட எப்ப சொல்றதுன்னு நான்தான முடிவு பண்ணணும்? நீங்க மறுபடி தேடிக்கிட்டு வந்து நிக்கப்படாது. இருமல் வந்தா நானே ஆஸ்பத்திரிக்குப் போயிடுவேன். இப்ப அவங்க ஊருக்குத்தான் போறேன், கல்யாணத் துணி எடுக்க. ஊரு மட்டும் கேக்காதீங்க."

அட்டையில் குணம் என்று எழுதினேன். முகவரிக் கட்டத்தைக் காலியாக விட்டு அவளிடம் காட்டினேன். சரி என்று தலையாட்டினாள். அவளுக்கும் பஸ் ஏற வேண்டும், எனக்கும் ஏற வேண்டும்.

"நீங்க மொதல்ல ஏறுங்கக்கா" என்றாள்.

ஏன் என்று புரிந்தது. வலிக்கத்தான் செய்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அவள் கையை அழுத்திப் பிடித்து விட்டுவிட்டு, அரியலூர் பஸ்ஸில் ஏறினேன். கிடைத்தது ஜன்னல் சீட்டு. ஜன்னலுக்கு வெளியே அவள். தலையைத் தூக்கினால் போதும், அவள் ஏறுவது கும்பகோணம் பஸ்ஸா விருத்தாசலம் பஸ்ஸா என்று தெரிந்துவிடும். தெரிந்துகொள்ள அவ்வளவு ஆசை எனக்கு. சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு, தூங்குகிறவளைப் போலக் குனிந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் கிளம்பியது. எங்கள் கண்டக்டர் விசில் கொடுத்த பிறகுதான் முகத்திலிருந்து துணியை எடுத்தேன். அவள் நின்ற இடத்தில் வேறு யாரோ நின்றுகொண்டிருந்தார்கள்.